கேட்டுத் தெளிக: ஏதென்ஸின் ஆந்தைக் காசு

சென்ற இதழில் பழைய ஏதென்ஸ் நகரத்து நாலு திராக்மா (அவர்களுடைய பண அலகு) வெள்ளிக் காசைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் கிடையாது. பணிக்காலம் முழுவதும் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் மாற்றுப் பார்த்தவன். காசைக் கையில் எடுத்தால் என் கண் தேவியின் முகத்துக்குப் போகாது, ஓரத்துக்கும் எடைக்கும்தான் போகும். பதில்களில் அந்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படம் போடாமல் எழுதிவிட்டீர்கள், ஐயா. காசு எப்படி இருக்கும் என்று வார்த்தையிலாவது சொல்லுங்கள். அத்தனை பறவை இருக்க ஆந்தை எதற்கு?

ஒரு பக்கம் அதீனா தேவியின் தலை. தலைக்கவசம் அணிந்து வலப்பக்கம் பார்க்கிறாள். மறுபக்கம் ஆந்தை. உடல் பக்கவாட்டில் இருக்கும், முகத்தை மட்டும் திருப்பி நேராக நம்மை முறைக்கும். அதன் முதுகுப் பக்கம் ஆலிவ் இலைக்கொத்து, முன்பக்கம் ஆல்பா, தீட்டா, எப்சிலான் என்ற மூன்று எழுத்துகள். ‘ஏதென்ஸ்காரர்களுடையது’ என்பதன் சுருக்கம் அது. எடை 17.2 கிராம். அகலம் இரண்டரை சென்டிமீட்டர்கூட வராது, ஆனால் தடிமன் அதிகம். தட்டையான நவீன நாணயத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் குண்டாகத் தெரியும். பாரசீகப் போர் முடிந்த பிறகு, அதாவது கி.மு. 479க்குப் பின், அதீனாவின் கவசத்தில் ஆலிவ் இலைகளும் ஆந்தையின் பின்னால் ஒரு சின்னப் பிறையும் சேர்ந்தன. பிறைக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். இரவில் திரியும் பறவை, பிறை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆந்தை அதீனாவின் பறவை. அந்தச் சின்ன ஆந்தை வகைக்கு உயிரியலாளர்கள் வைத்த பெயரிலேயே அதீனா இருக்கிறாள். ஏதென்ஸ்காரர்களுக்கு ஆந்தை பறந்தால் வெற்றி என்று அர்த்தம். பாரசீகரோடு நடந்த சலாமிஸ் கடற்போருக்கு முன் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோகிளிஸ் பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆந்தை வலப்பக்கமிருந்து பறந்து வந்து கப்பலின் பாய்மரக் கயிறுகள்மேல் உட்கார்ந்ததாம். அதைப் பார்த்துத்தான் அரைமனதாக இருந்தவர்களும் போருக்கு இணங்கினார்கள் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். அவர் அந்தப் போருக்கு ஐந்தாறு நூற்றாண்டு பின்னால் வந்தவர். கதை நல்ல கதை.

கேள்வி: கிரேக்க நாட்டில் முதலில் காசு அடித்ததே ஏதென்ஸ்தானா?

அல்ல. ஏதென்ஸ் துறைமுகத்துக்கு எதிரே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும் ஏஜினா தீவு முந்திக்கொண்டது. அதன் காசில் கடலாமை. பன்னிரண்டு கிராம் சொச்சம் எடை. வணிகர்கள் அதைத் தூரதேசம் வரை கொண்டுபோனார்கள். ஏதென்ஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவில்தான் தொடங்கியது. அதுவும் ஆந்தையோடு அல்ல. சக்கரம், ஜாடி, குதிரை, கோர்கன் என்ற அரக்கியின் முகம் என்று விதவிதமான சின்னங்கள் வந்தன. அந்தக் காசுகளின் வெள்ளியைச் சோதித்தால் பெரும்பகுதி வெளியூர் வெள்ளி. ஆந்தை வந்தது அந்த நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில். அதிலிருந்து சொந்த ஊர் வெள்ளி. ஏஜினாவின் கதை சோகமாக முடிந்தது. கி.மு. 431ல் ஏதென்ஸ் அந்தத் தீவின் மக்களை மொத்தமாகக் கிளப்பி வெளியேற்றிவிட்டது.

கேள்வி: பார்த்தெனான் கட்டிய ஊர். பீடியாஸ் போன்ற சிற்பி இருந்த ஊர். காசில் மட்டும் ஏன் இப்படிப் பொம்மைக் கண்ணோடு ஒரு முகம்? நல்ல கலைஞர் கிடைக்கவில்லையா?

இந்தக் கேள்வியை அநேகமாகப் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முகம் பக்கவாட்டில் இருக்க, கண் மட்டும் நேராகப் பார்த்தபடி பாதாம் பருப்பு வடிவில் இருக்கிறது. உதட்டில் அந்தப் பழங்காலப் புன்னகை. கி.மு. 500ல் அது நாகரிகமான பாணி. கி.மு. 430ல் பார்த்தெனான் முடிந்த பிறகும் அதே பாணியில் காசு அடித்தால் சிரிப்பு வராதா? ஏதென்ஸ்காரர்களுக்கும் வந்திருக்கும்.

ஆனால் மாற்றவில்லை. வேண்டுமென்றேதான் மாற்றவில்லை என்பது என் கட்சி. இந்தக் காசு ஏதென்ஸ் கடைத்தெருவுக்காக மட்டும் அடிக்கப்பட்டதல்ல. எகிப்து, சிரியக் கடற்கரை, சிசிலி என்று வெளியே போவதற்கென்றே அடித்தது. அங்கே அதை வாங்குகிறவருக்குக் கிரேக்க எழுத்து தெரியாது, அதீனா யாரென்றும் கவலை இல்லை. முறைக்கிற ஆந்தை இருக்கிறதா, எடை சரியா, வெள்ளி சுத்தமா, அவ்வளவுதான். அழகாக இருக்கட்டும் என்று ஒரு மூக்கைத் திருத்தினால் நைல் கரையில் ஒருவர் ‘இது பழைய காசு மாதிரி இல்லையே’ என்று ஒதுக்கிவிடுவார். அதற்கு எந்த நகரமும் துணியாது.

ஏதென்ஸ் எழுத்தாளர் ஸெனபோன் கி.மு. 355 வாக்கில் ஏதென்ஸின் வருவாயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் சொல்வது: மற்ற நகரங்களின் காசு ஊர் எல்லையைத் தாண்டினால் செல்லாது. ஆகவே சரக்கு விற்ற வணிகர் வேறு சரக்கை வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். ஏதென்ஸிலோ, சரக்கு ஏற்ற விருப்பமில்லை என்றால் வெள்ளியை எடுத்துக்கொண்டு போகலாம், எங்கே விற்றாலும் போட்டதற்குமேல் கிடைக்கும். காசையே ஏற்றுமதிச் சரக்காகப் பார்க்கிற பேச்சு இது. கடைசியில் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் அரேபியாவிலும் அவரவரே ஆந்தைக் காசைப் பார்த்து அடிக்கத் தொடங்கினார்கள். எகிப்தை மீண்டும் பிடித்த பாரசீகப் பேரரசர் அர்தக்ஸெர்க்ஸீஸ்கூடத் தன் பெயரை எகிப்திய எழுத்தில் பொறித்து ஆந்தைக் காசு அடித்தார். அதீனாவின் நகரத்தை ஒருகாலத்தில் எரித்த வம்சம் அது!

கலை வேண்டுமென்றால் சிசிலியில் சிராக்யூஸ் நகரத்துக்குப் போங்கள். கி.மு. 400ஐ ஒட்டி கிமோன், யூஐனெடோஸ் என்ற இருவர் வெட்டிய பத்து திராக்மா காசுகள் இருக்கின்றன. அரெதூசா தேவதையின் கூந்தலைச் சுற்றி டால்பின்கள் நீந்தும். அச்சிலேயே தங்கள் பெயரைக் கையெழுத்தாகப் போட்ட கலைஞர்கள் அவர்கள். பார்த்தால் மூச்சு நிற்கும். ஆனால் அதைப் பார்த்து எகிப்துக்காரர் யாரும் காசு அடிக்கவில்லை.

அதீனாவின் கண் பக்கவாட்டுக் கண்ணாக மாறியது கி.மு. நான்காம் நூற்றாண்டில்தான். அதுவும் மெதுவாக.

கேள்வி: இவ்வளவு வெள்ளி எங்கிருந்து வந்தது?

லாரியன். ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே, அட்டிகா நிலப்பகுதி கடலுக்குள் முடிகிற முனையில் இருக்கும் மலைகள். இன்றும் லாவ்ரியோ என்ற ஊர் இருக்கிறது.

அங்கே வெள்ளி வெள்ளியாகக் கிடைக்கவில்லை. காரீயக் கனிமத்துக்குள் ஒளிந்திருந்தது. இது என் தொழில் விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தோண்டியெடுத்த கல்லை முதலில் உரலில் இடிப்பார்கள். பிறகு திரிகையில் அரைப்பார்கள். அந்தப் பொடியைச் சாய்வான தளத்தில் போட்டுத் தண்ணீர் விட்டால் லேசான மண் ஓடிவிடும், கனமான கனிமம் தங்கிவிடும். லாரியனில் ஆறு கிடையாது. மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துவைத்து, கழுவிய தண்ணீரையே கால்வாயில் தெளியவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அந்தக் கழுவு தளங்கள் இன்னும் இருக்கின்றன. தொட்டிகளின் உட்பூச்சு 2,400 ஆண்டு கழித்தும் பெயராமல் நிற்கிறது.

கழுவிய கனிமத்தை உலையில் உருக்கினால் காரீயம் வரும். அதில் டன்னுக்குச் சில கிலோ வெள்ளி இருந்தாலே பெரிய விஷயம். அப்புறம்தான் புடம் போடுவது. காரீயத்தைத் திறந்த மூசையில் வைத்துக் காற்றை ஊதிச் சூடேற்றினால், காரீயம் காற்றோடு சேர்ந்து மஞ்சள் கசடாக மாறிப் பிரியும். வெள்ளி காற்றுக்கு மசியாது. கடைசிக் கசடும் விலகும் நொடியில் உருகிய வெள்ளி பளிச்சென்று ஒரு மின்னல் அடிக்கும். மாற்றுப் பார்க்கும் கூடத்தில் நாங்களும் சின்ன அளவில் இதையேதான் செய்தோம். அந்த மின்னலுக்காகக் காத்திருக்காத ஆள் எங்கள் தொழிலில் கிடையாது. ஆந்தைக் காசுகளைச் சோதித்தால் பெரும்பாலானவற்றில் வெள்ளி 95 விழுக்காட்டுக்கு மேல், பலவற்றில் 98ஐயும் தாண்டும். தராசும் கரியும் துருத்தியும் மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்த அந்த உலைக்காரருக்கு என் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டு மறைக்கக் கூடாத ஒன்று. சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். சுரங்கக் குழிகளில் சில, நூறு மீட்டருக்கும் அதிக ஆழம். உள்ளே குடைந்த வழிகளோ பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. மண்ணெண்ணெய் காணாத காலம், ஆலிவ் எண்ணெய் அகல் வெளிச்சத்தில் படுத்தும் தவழ்ந்தும் வெட்டினார்கள். நிகியாஸ் என்ற ஏதென்ஸ் தளபதி, பக்திமான் என்று பெயரெடுத்தவர், ஆயிரம் அடிமைகளைச் சோசியாஸ் என்ற திரேஸ்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தலைக்கு நாளொன்றுக்கு ஒரு ஒபோல். ஆறு ஒபோல் ஒரு திராக்மா. கணக்குப் போட்டால் ஆண்டுக்குப் பத்து டாலண்ட், அதாவது 60,000 திராக்மா. ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனை: எண்ணிக்கை எப்போதும் ஆயிரமாகவே இருக்க வேண்டும். செத்தவர் இடத்தில் ஆள் போடுவது சோசியாஸின் பாடு. இதையும் ஸெனபோன்தான் சொல்கிறார், முன்னுதாரணமாக!

கி.மு. 413ல் ஸ்பார்ட்டாப் படை ஏதென்ஸுக்கு வடக்கே டெகெலியாவைப் பிடித்துக் கோட்டை கட்டி உட்கார்ந்தது. அதையொட்டி 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பி ஓடினார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். அவர்களில் பெரும்பகுதி கைவேலை தெரிந்தவர்கள்.

கேள்வி: வெள்ளியை மக்களுக்குப் பங்கு போடாமல் கப்பல் கட்டச் சொன்னார் தெமிஸ்டோகிளிஸ் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான், எண்ணிக்கையில்தான் இழுபறி. கி.மு. 483ஐ ஒட்டி லாரியனில் மரோனியா என்ற இடத்தில் வளமான படிவம் ஒன்று கிடைத்தது. வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்வது: தலைக்குப் பத்து திராக்மா கொடுப்பதாக இருந்தார்கள், தெமிஸ்டோகிளிஸ் தடுத்து 200 கப்பல் கட்டவைத்தார். ஏஜினாவோடு சண்டை என்பது அவர் காட்டிய காரணம். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசமைப்பு நூலில் வேறு கணக்கு: கிடைத்தது 100 டாலண்ட், பணக்காரர்கள் நூறு பேரிடம் தலைக்கு ஒரு டாலண்ட் கொடுத்து ஆளுக்கொரு கப்பல்.

நானும் பென்சில் எடுத்துப் பார்த்தேன். ஏதென்ஸ் குடிமக்கள் 30,000 பேர் என்று ஹெரடோட்டஸே வேறோரிடத்தில் சொல்கிறார். தலைக்குப் பத்து என்றால் 3,00,000 திராக்மா, அதாவது 50 டாலண்ட். நூறுக்குப் பாதி. கப்பல்களோ 200. எந்தப் பக்கம் இழுத்தாலும் கணக்கு நேராகாது. ஆனால் கி.மு. 480ல் சலாமிஸில் பாரசீகக் கப்பற்படையை முறியடித்தபோது ஏதென்ஸிடம் பெரிய கப்பற்படை இருந்தது, அதற்குக் காசு லாரியனில் இருந்து வந்தது. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

கேள்வி: ஒரு திராக்மாவின் மதிப்பு இன்றைக்கு எவ்வளவு?

இன்றைய பணத்தில் சொல்லச் சொல்லாதீர்கள். எதை வைத்துப் பெருக்கினாலும் பொய்யாகத்தான் முடியும். அந்தக் காலத்துச் சம்பளத்தையும் விலையையும் சொல்கிறேன், நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அக்ரோபொலிஸ் குன்றின் மேல் எரெக்தியோன் கோயில் வேலை கி.மு. 409ல் மறுபடி தொடங்கியபோது கூலிக் கணக்கைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். நாளுக்கு ஒரு திராக்மா. குடிமகனுக்கும் அதே, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்கும் அதே, அடிமைக்கும் அதே. அடிமையின் கூலி யார் பைக்குப் போனது என்பது வேறு. நீதிமன்றத்தில் நடுவராக உட்கார்ந்தால் மூன்று ஒபோல், அரை நாள் கூலி. வயதானவர்கள் இதற்காகவே விடியுமுன் வந்து வரிசையில் நின்றார்கள் என்று நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோபனீஸ் கேலி செய்வார். போர்க்கப்பல் ஒன்றில் 200 பேர். நாளுக்கு ஆளுக்கு ஒரு திராக்மா என்றால் முப்பது நாளில் 6,000 திராக்மா, சரியாக ஒரு டாலண்ட். அதனால்தான் சிசிலியிலிருந்து செகெஸ்டா நகரத்தார் உதவி கேட்டு வந்தபோது அறுபது கப்பலுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று அறுபது டாலண்ட் வெள்ளியைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

தத்துவஞானி அனக்சகோரஸின் நூல் மிஞ்சிப்போனால் ஒரு திராக்மாவுக்குக் கிடைக்கும் என்று சாக்ரடீஸ் தன் வழக்கில் சொல்கிறார். வீடு வாசல் எல்லாம் சேர்த்துத் தன் சொத்து ஐந்து மினா தேறும் என்று அவர் சொன்னதாக ஸெனபோன் குறித்திருக்கிறார். நூறு திராக்மா ஒரு மினா.

இன்னொரு விலைப்பட்டியலும் கல்லில் இருக்கிறது. கி.மு. 415ல் ஹெர்மிஸ் சிலைகளை உடைத்த வழக்கில் சிக்கியவர்களின் சொத்தை ஏலம் விட்டார்கள். பிரேயஸ் துறைமுகத்தில் வாழ்ந்த கெபிசோடோரஸ் என்பவரின் அடிமைகள் ஒவ்வொருவராக அதில் வருகிறார்கள். சிரியாக்காரர் ஒருவர் 301 திராக்மா. திரேஸ் நாட்டுப் பெண் 165. கேரியாவைச் சேர்ந்த சின்னப் பையன் 72. அதாவது பதினெட்டு ஆந்தைக் காசு. இதற்கு மேல் மதிப்பைப் பற்றி எனக்கு எழுதத் தோன்றவில்லை.

கேள்வி: ஆடையில் பை இல்லையே, சில்லறையை எங்கே வைத்துக்கொண்டார்கள்?

வாயில்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பணப்பையும் உண்டு, ஆனால் கடைத்தெருவுக்குப் போகிற ஏதென்ஸ்காரர் சில்லறையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். ஒரு ஒபோல் 0.7 கிராம்தான். கால் ஒபோல் காசும் அடித்தார்கள், 0.18 கிராம், மீன் செதில் அளவு. அதிலும் ஆந்தை உண்டு. கீழே விழுந்தால் தேட முடியாது, வாய்தான் பத்திரம்.

அரிஸ்டோபனீஸின் ‘குளவிகள்’ நாடகத்தில் நடுவர் வேலைக்குப் போகும் கிழவருக்கும் இன்னொருவருக்கும் சேர்த்து ஒரு திராக்மா சம்பளம் கொடுக்கிறார்கள். மற்றவர் மீன் கடையில் சில்லறை மாற்றி, கிழவர் கையில் மூன்று மீன் செதிலை வைத்துவிடுகிறார். ஒபோல் என்று நினைத்து இவர் வாயில் போட்டுக்கொள்ள, நாற்றம் தாங்காமல் துப்புகிறார். அதே நாடகத்தில் கிழவர் வீட்டுக்கு வந்ததும் மகள் செல்லமாக முத்தமிட்டு நாக்காலேயே மூன்று ஒபோலைத் தூண்டில் போட்டு எடுத்துவிடுவாள். நாடகம்தான், ஆனால் பார்வையாளர்கள் சிரிக்க வேண்டுமானால் வழக்கம் இருந்திருக்க வேண்டுமே.

கேள்வி: பல ஆந்தைக் காசுகளில் உளி வெட்டு ஏன் இருக்கிறது? கள்ளக் காசைக் கண்டுபிடிக்க என்ன வழி வைத்திருந்தார்கள்?

வெட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க. செம்பு வில்லையின்மேல் வெள்ளித் தகடு போர்த்தி அச்சடித்தால் பார்வைக்கு அசலாகத்தான் இருக்கும். ஆழமாக ஒரு வெட்டுப் போட்டால் சிவப்பு தெரிந்துவிடும். வெளிநாட்டு வணிகர்கள் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஆந்தையின் தலையிலேயே உளியை வைத்தார்கள். சேகரிப்பவர்களுக்கு அது குறை. எனக்கு அது சான்றிதழ்.

ஏதென்ஸுக்குள் இதற்கென்று அதிகாரபூர்வமான ஆளே இருந்தார். 1970ல் ஏதென்ஸ் அகோரா அகழாய்வில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 375ல் நிகோபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம். இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் அதுதான். சாரம் இது:

மாற்றுப் பார்ப்பவர், அவர் நகரத்துக்குச் சொந்தமான அடிமை, கடைத்தெருவில் பணம் மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். கொண்டுவரும் காசு வெள்ளியாக இருந்து நகரத்து முத்திரையும் சரியாக இருந்தால் எல்லாரும் வாங்கியே ஆக வேண்டும். வெளியூரில் அதே சின்னத்தோடு அடித்த நல்ல வெள்ளி என்றால் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே செம்போ காரீயமோ இருந்தால், அல்லது கள்ளக் காசு என்றால், அந்த இடத்திலேயே வெட்டிவிட வேண்டும். வெட்டிய காசு தெய்வங்களின் தாய்க்குச் சொந்தம், அதை மன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். சோதித்துச் சரி என்ற காசை வாங்க மறுக்கும் வியாபாரி அன்றைக்கு விற்க வைத்திருந்த சரக்கை இழப்பார். பிரேயஸ் துறைமுகத்துக்கும் இதேபோல் இன்னோர் ஆள்.

நடுவில் இருக்கும் அந்தத் திருப்பிக் கொடுக்கும் விதியைக் கவனியுங்கள். நல்ல வெள்ளியில் அடித்த போலி ஆந்தைகள் அந்த அளவுக்கு ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. அவற்றை அழிக்கவும் மனமில்லை, அங்கீகரிக்கவும் மனமில்லை. புத்திசாலித்தனமான நழுவல்.

மாற்றுப் பார்ப்பவர் வேலைக்கு வராவிட்டால், அல்லது சட்டப்படி சோதிக்காவிட்டால்? ஐம்பது கசையடி. எங்கள் காலத்தில் தவறான சீட்டு எழுதினால் மெமோ வரும், சம்பள உயர்வு நிற்கும். யோசித்துப் பாருங்கள்: ஓர் அடிமை ‘செல்லும்’ என்றால் குடிமகன் வாங்கிக்கொள்ள வேண்டும், ‘செல்லாது’ என்றால் வணிகப் பெருந்தகையின் காசு கண்ணெதிரே இரண்டு துண்டு. ஊரே அவர் சொல்லை நம்பியது, அவர் முதுகு மட்டும் அவருக்குச் சொந்தமில்லை. அந்த ஆளின் பெயரைக் கல்வெட்டு சொல்லவில்லை. நிகோபோனுடைய பெயர் இருக்கிறது.

கேள்வி: ஏதென்ஸ் அரசே கலப்படக் காசு அடித்ததுண்டா?

உண்டு, வேறு வழியில்லாமல். டெகெலியா விழுந்தபின் சுரங்கம் படுத்துவிட்டது. போர்ச் செலவோ நிற்கவில்லை. கி.மு. 407ல் அக்ரோபொலிஸில் இருந்த தங்க வெற்றித் தேவதைச் சிலைகளை உருக்கித் தங்கக் காசு அடித்தார்கள். அடுத்த ஆண்டே செம்பின்மேல் வெள்ளி போர்த்திய காசு வந்துவிட்டது. கி.மு. 405ல் மேடையேறிய ‘தவளைகள்’ நாடகத்தில் இதைச் சுட்டுகிறார் அரிஸ்டோபனீஸ். நல்ல குடிமக்களை ஒதுக்கிவிட்டு அற்பர்களைத் தலைவராக்குகிறோம், கிரேக்கர்களிடமும் மற்றவர்களிடமும் பெயர் பெற்ற நல்ல காசை விட்டுவிட்டு நேற்றும் முந்தாநாளும் அடித்த இந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு திரிவதைப் போல, என்று கோரஸ் பாடுகிறது.

செம்புக் காசை ஒழித்த நாளும் அவருடைய இன்னொரு நாடகத்தில் பதிவாகியிருக்கிறது. திராட்சை விற்ற ஒருவர் வாய் நிறையச் செம்புக் காசோடு வாற்கோதுமை மாவு வாங்கப் போகிறார். பையை நீட்டும் நேரத்தில் அறிவிப்பாளர் கத்துகிறார்: இனி யாரும் செம்பு வாங்கக் கூடாது, வெள்ளிதான் செல்லும். வாயில் இருப்பதை என்ன செய்வது? நாணயச் சீர்திருத்தம் என்றால் அகப்படுவது எப்போதும் மாவு வாங்கப் போனவர்தான்.

கேள்வி: ஸ்பார்ட்டாக்காரர்கள் இரும்புப் பணம் வைத்திருந்தார்களாமே, அவர்களுக்கு ஆந்தை ஆசையே இல்லையா?

ஏன் இல்லை? ஏதென்ஸை வென்ற லைசாண்டர் கொள்ளைப் பணத்தை மூட்டைகளாகக் கட்டி, கிலிப்பஸ் என்ற தளபதி மூலம் ஊருக்கு அனுப்பினார். கிலிப்பஸ் மூட்டைகளின் அடித் தையலைப் பிரித்து நிறைய எடுத்துக்கொண்டு மறுபடி தைத்துவிட்டார். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் தொகையெழுதிய சீட்டு இருந்தது அவருக்குத் தெரியாது. கணக்கு உதைத்தபோது அவருடைய வேலையாள் அதிகாரிகளிடம் சொன்னாராம்: கூரை ஓட்டுக்கடியில் ஆந்தைகள் நிறையத் தூங்குகின்றன. இதுவும் புளூட்டார்க் தந்த கதை.

கேள்வி: கடைசி ஆந்தைக் காசு எப்போது? அசலைப் பார்க்க எங்கே போக வேண்டும்?

கி.மு. 160களில் உருவம் மாறியது. காசு அகலமாகி மெலிந்தது. ஆந்தை ஒரு ஜாடிமேல் ஏறி நின்றது. சுற்றி ஆலிவ் மாலை, பொறுப்பாளர்களின் பெயர்கள். கி.மு. 86ல் ரோமானியத் தளபதி சுல்லா நகரத்தைச் சூறையாடினார். அதன் பிறகும் தடுமாறிக்கொண்டு கொஞ்ச காலம் அடித்தார்கள், கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் நின்றுபோனது.

பார்க்க வேண்டுமானால் ஏதென்ஸில் பனெபிஸ்டிமியூ சாலையில் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. டிராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிக் ஷ்லீமன் குடியிருந்த மாளிகை அது. சுவர் ஓவியமும் தரை ஓவியமும் போட்டிக்கு நிற்கும், அவற்றில் மயங்கிவிடாதீர்கள். எல்லாரும் பத்து திராக்மா காசின் முன்னால்தான் கூட்டமாக நிற்பார்கள். சிறகை விரித்த ஆந்தை, 43 கிராம், உலகத்திலேயே சில பத்துக் காசுகள்தான் மிச்சம். கூட்டம் நிற்கட்டும். நீங்கள் ஒபோல், அரை ஒபோல் இருக்கும் தட்டுக்குப் போங்கள். கையோடு பூதக்கண்ணாடி கொண்டுபோனால் நல்லது, இல்லாவிட்டால் ஆந்தை வெறும் புள்ளியாகத்தான் தெரியும்.